லாவோஸ் போகிறவர் கேட்க வேண்டிய கேள்வி



நம்மவர் அதிகம் போகாத ஓர் அயல்நாட்டுக்குப் பத்திரமாகப் போய்த் திரும்புவது எப்படி? இதுதான் இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். பொதுப்படையாகப் பேசினால் இது பிடி கொடுக்காது. அதனால் ஒரே ஒரு நாட்டை எடுத்துக்கொள்கிறேன். அந்த நாடு லாவோஸ். சீனா, வியட்நாம், கம்போடியா, தாய்லாந்து, மியான்மர் என ஐந்து நாடுகள் சூழ்ந்திருக்க, கடலைக் காணாத நாடு. பரப்பளவில் தமிழ்நாட்டைப்போல் ஒன்றேமுக்கால் மடங்குக்கு மேல். மக்கள்தொகையோ முக்கால் கோடியை ஒட்டித்தான். நிலத்தில் பெரும்பகுதி மலையும் காடும். தாய்லாந்துக்காரரும் வியட்நாமியரும் அங்கே லட்சக்கணக்கில் வந்துபோகிறார்கள். நம் ஊரிலிருந்து பாங்காக் வரை போகிறவர்களோ, அங்கிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேர விமானப் பயணத்தில் இருக்கும் லாவோஸ் தலைநகர் வியந்தியானை எட்டிப் பார்ப்பதில்லை. அந்த நாட்டின் தெற்கே, சம்பாசக் பகுதியில், உச்சி லிங்கத்தைப்போல் எழுந்து நிற்கும் ஒரு மலையின் சரிவில் வாட் பூ என்ற பழைய சிவன் கோயில் இருக்கிறது. மலையில் ஊறும் சுனைநீர் ஓடிவந்து கருவறை லிங்கத்தை நீராட்டும்படி கெமர் காலத்துச் சிற்பிகள் அதைக் கட்டினார்கள். 2001 முதல் அது யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது. தமிழர்கள் போய்ப் பார்க்க வேண்டிய இடம் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

போகலாம். ஆனால் எப்படிப் போவது? ஒரு புதிய நாட்டின் பெயரைச் சொன்னதும் வீட்டில் எழும் முதல் கேள்வி, "அங்கே என்னென்ன ஆபத்து இருக்கு?" என்பது. அன்பால் எழுகிற கேள்விதான். ஆனால் அது அரைக் கேள்வி. ஆபத்து இல்லாத ஊர் எது? பாம்பு நம் வயலிலும் இருக்கிறது. விபத்து நம் நெடுஞ்சாலையிலும் நடக்கிறது. நம் ஊரில் ஒருவர் வண்டியிலிருந்து விழுந்தால் 108 ஆம்புலன்ஸ் வருகிறது. அருகில் அரசு மருத்துவமனை இருக்கிறது. நம் மொழி தெரிந்த மருத்துவர் இருக்கிறார். ஓடிவர உறவினர் இருக்கிறார்கள். இவற்றுள் எதுவும் கூடவே வராத இடத்துக்கு நாம் புறப்படுகிறோம். ஆகவே முழுக் கேள்வி இதுதான்: எனக்கு ஏதாவது நேர்ந்தால், உதவி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? பயணத்துக்கு ஆயத்தம் செய்வது என்றால், அந்தத் தூரத்தைப் புறப்படும் முன்பே அளந்து, முடிந்தமட்டும் குறைத்து வைப்பது. நான் இன்று நிறுவ வந்திருப்பது இந்த ஒரு கருத்தைத்தான்.

முதலில் எல்லாரும் அஞ்சுகிற ஆபத்தையே எடுத்துக்கொள்வோம். லாவோஸ் என்றதும் செய்தி படிக்கிறவர்களுக்கு நினைவு வருவது வெடிகுண்டுகள். 1964 முதல் 1973 வரை அமெரிக்க விமானங்கள் அந்தச் சிறு நாட்டின்மேல் 20 லட்சம் டன்னுக்கு மேல் குண்டு பொழிந்தன. 5,80,000 முறை விமானங்கள் குண்டுவீசப் பறந்தன. பெரிய குண்டு ஒன்று நடுவானில் திறந்துகொள்ள, அதற்குள்ளிருந்து பந்து அளவில் நூற்றுக்கணக்கான சிறு குண்டுகள் சிதறும். அந்தக் கொத்துக்குண்டுகளில் மட்டும் 27 கோடி சிறு குண்டுகள் விழுந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். அவற்றில் சுமார் 8 கோடி வெடிக்காமல் மண்ணில் புதைந்தன. போர் முடிந்த பிறகும் 20,000 பேருக்கு மேல் அவற்றால் இறந்திருக்கிறார்கள் அல்லது உறுப்பு இழந்திருக்கிறார்கள். யார் அவர்கள்? வயலில் மண்வெட்டி போட்ட உழவர்கள். உருண்டையாக ஏதோ கிடக்கிறதே என்று கையில் எடுத்த பிள்ளைகள். பழைய இரும்பை விற்று அரிசி வாங்க நினைத்த ஏழைகள். புதைந்த குண்டின்மேல் அறியாமல் அடுப்பு மூட்டிய பெண்கள். இந்தத் துயரத்தை அறியாமல் அந்த மண்ணில் கால் வைப்பது அந்த மக்களுக்கு நாம் செய்யும் அவமரியாதை. வியந்தியானில் இறங்குகிறவர்கள் அங்கே உள்ள கோப் மையத்துக்கு முதல் நாளே போய்வர வேண்டும். குண்டால் காலிழந்தவர்களுக்குச் செயற்கைக் கால் கிடைக்கச் செய்கிற அமைப்பு அது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இவ்வளவு கொடிய ஆபத்து, பயணியைப் பொறுத்தவரை மிக எளிதாகத் தவிர்க்கக்கூடிய ஆபத்தாக இருக்கிறது. காரணம், அதற்கான உதவி பயணியின் காலடியிலேயே வந்து நிற்கிறது. சியெங் குவாங் மாகாணத்தில், போன்சவன் நகருக்கு அருகே, ஆளுயரக் கல் ஜாடிகள் நூற்றுக்கணக்கில் சிதறிக் கிடக்கிற ஜாடிச் சமவெளிக்குப் போனால், தரையில் சிவப்பும் வெள்ளையும் தீட்டிய சிறு அடையாளக் கற்களைப் பார்க்கலாம். வெள்ளைப் பக்கம், தோண்டிச் சோதித்து முடித்த நிலம். சிவப்புப் பக்கம், அப்படி முடிக்காத நிலம். குண்டு அகற்றுகிறவர்கள் உயிரைப் பணயம் வைத்துப் பதித்த கற்கள் அவை. வெள்ளையில் நட, தேய்ந்த பாதையை விட்டு விலகாதே, இரும்பைத் தொடாதே, கண்ட இடத்தில் தீ மூட்டாதே. நான்கு சொல்லில் அடங்கிவிட்டது ஆயத்தம். ஒரு நல்ல படம் எடுப்பதற்காகப் பாதையை விட்டு இரண்டடி தள்ளி நிற்கலாமா என்று கேட்கிறவர் இருந்தால் அவருக்கு என் பதில்: கூடாது.

சரி, யாரும் அஞ்சாத ஆபத்து எது? ஒரு சிறு கோப்பை. 2024 நவம்பரில் வாங் வியங் என்ற சிற்றூரில், ஆறும் சுண்ணாம்புக்கல் மலைகளும் சூழ்ந்த அழகான ஊரில், மெத்தனால் கலந்த மதுவைக் குடித்து ஆறு வெளிநாட்டுப் பயணிகள் இறந்தார்கள். அவர்களில் இருவர் இருபது வயதுகூட நிரம்பாத ஆஸ்திரேலியப் பெண்கள். நம் தமிழ்நாட்டுக்கு மெத்தனால் என்ன என்று சொல்லித்தர வேண்டியதில்லை. அதே 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்த விஷம் அது. நிறத்தாலும் மணத்தாலும் அதை இனம்காண முடியாது. குடித்தவுடன் பெரிதாக ஒன்றும் தெரியாது. பல மணி நேரம் கழித்து, சில சமயம் ஒரு நாள் கழித்து, வயிற்றுவலியும் வாந்தியும் மூச்சுத்திணறலும் வரும், கண் மங்கும். உடலுக்குள் அது ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பையும் மூளையையும் தாக்கியிருக்கும். மாற்று மருந்து உண்டு, டயாலிசிஸ் உண்டு, விரைவாகக் கிடைத்தால் பிழைக்கலாம். விரைவாகக் கிடைக்குமா? இங்கேதான் நம் கேள்வி வந்து நிற்கிறது: உதவி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது?

வாங் வியங்கிலிருந்து தலைநகர் வியந்தியான் நூறு கிலோமீட்டருக்கு மேல். அங்கேயும் தீவிர சிகிச்சை வசதி குறைவு. அதனால்தான் பலகாலமாகவே, கடுமையாக நோயுற்றவர்களை மேகாங் ஆற்றின்மேல் 1994-இல் கட்டிய நட்புறவுப் பாலத்தைக் கடந்து தாய்லாந்தின் நோங் காய், உடோன் தானி நகரங்களுக்குக் கொண்டுபோகிறார்கள். 2024-இல் விஷம் குடித்த அந்த இரண்டு பெண்களையும் தாய்லாந்து மருத்துவமனைகளுக்குத்தான் கொண்டு சென்றார்கள். இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். நோய் என்று உணர வேண்டும். வண்டி கிடைக்க வேண்டும். தலைநகர் வர வேண்டும். நாட்டின் எல்லையைத் தாண்ட வேண்டும். இந்தத் தூரத்தை லாவோஸ் மக்களின் குறையாக நினைக்கக் கூடாது. மலையும் போரும் வறுமையும் சேர்ந்து உண்டாக்கிய தூரம் அது. அந்த மக்களே தினந்தோறும் அதைச் சுமக்கிறார்கள். அவர்கள் சும்மாவும் இருக்கவில்லை. தலைநகரில் ஆம்புலன்ஸ் கிடைக்காமல் சாலை விபத்தில் உயிர்கள் போவதைக் கண்டு, 2010-இல் இளைஞர்கள் சேர்ந்து வியந்தியான் ரெஸ்க்யூ என்ற தொண்டு அமைப்பைத் தொடங்கினார்கள். ஊதியமில்லாமல், இலவசமாக, இரவும் பகலும் ஓடினார்கள். 2016-இல் அந்த அமைப்புக்கு ரமோன் மகசேசே விருது கிடைத்தது. நான் அந்த இளைஞர்களை வணங்குகிறேன். ஆனால் அவர்கள் எட்டக்கூடிய எல்லை பெரும்பாலும் தலைநகர்தான் என்பதை மலைப்பகுதிக்குப் போகிறவர் மறக்கக் கூடாது.

இந்தத் தூரத்தைச் சென்னையிலும் மதுரையிலும் கோவையிலும் இருந்தபடியே குறைக்க முடியும் என்பதுதான் நல்ல செய்தி. எப்படி? முதலாவது, பயணக் காப்பீடு. காப்பீடு எடுத்தேன் என்றால் போதாது. அதில் அடுத்த நாட்டு மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் செலவு உண்டா என்று பார்க்க வேண்டும். அதைவிட முக்கியம், எவற்றுக்கெல்லாம் பணம் தர மாட்டோம் என்று சிறிய எழுத்தில் எழுதியிருக்கிறார்களே, அந்தப் பக்கம். குடித்திருந்தால் இல்லை என்பார்கள். ஏற்கெனவே உள்ள நோய் என்றால் பல திட்டங்களில் இல்லை. உரிமம் இல்லாமல் வண்டி ஓட்டினால் இல்லை. லாவோஸில் பயணிகள் பெரும்பாலும் வாடகைக்கு எடுப்பது இருசக்கர வண்டிதான். அங்கே வண்டி ஓடுவது சாலையின் வலப்புறம். நம் கைகளும் கண்களும் பழகியிருப்பது இடப்புறம். ஆகவே ஓட்ட நினைப்பவர் நம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியை முன்கூட்டியே வாங்க வேண்டும். அதில் இருசக்கர வண்டிக்கான அனுமதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பொருந்துகிற ஹெல்மெட்டை இங்கிருந்தே எடுத்துப் போனாலும் தவறில்லை. நன்றாக ஓட்டிப் பழகாதவர் அந்த மலைப்பாதையில் ஓட்டவே வேண்டாம். 2021 டிசம்பர் முதல் வியந்தியானிலிருந்து வாங் வியங், லுவாங் பிரபாங் நகரம் வழியாகச் சீன எல்லைவரை ரயில் ஓடுகிறது. முன்பு மலைச்சாலையில் ஒரு பகலைத் தின்ற லுவாங் பிரபாங் பயணம் இப்போது இரண்டு மணி நேரத்துக்குள் முடிகிறது.

இரண்டாவது, நாய்க்கடி. வெறிநாய்க்கடி நோய் நமக்குத் தெரிந்த நோய்தான். வந்துவிட்டால் மருந்தில்லை என்பதும் தெரியும். ஆனால் தடுப்பூசி போடாதவரை அங்கே ஒரு மலைக்கிராமத்தில் நாய் கடித்தால், தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் என்ற இன்னொரு மருந்தும் வேண்டும். அது அங்கே எளிதில் கிடைப்பதில்லை. புறப்படும் முன்பே ஒரு வார இடைவெளியில் இரண்டு தடுப்பூசி போட்டுக்கொண்டவருக்கு அந்த மருந்து தேவைப்படாது. கடித்த இடத்தை ஓடும் நீரில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவிவிட்டு, மேலும் இரண்டு ஊசி போட்டால் போதும். பார்த்தீர்களா, இங்கே போட்ட இரண்டு ஊசி அங்கே ஒரு நாட்டு எல்லையைக் கடக்கிற ஓட்டத்தை மிச்சப்படுத்துகிறது! இன்னொன்று, நம்மில் பலர் எண்ணிப் பார்க்காதது, இரத்த வகை. இந்தியரில் நூற்றுக்கு ஏறக்குறைய ஐந்து பேர் நெகட்டிவ் வகை. தென்கிழக்கு ஆசிய மக்களிடம் அது மிக அரிது. நெகட்டிவ் வகைக்காரர் தம் வகையை எழுதிக் கையில் வைத்திருக்க வேண்டும். ஆபத்தான விளையாட்டுகளை ஒரு முறைக்கு இருமுறை யோசித்தே தொட வேண்டும். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருந்தின் மூலப்பெயரோடு மருத்துவர் சீட்டும், தேவைக்கு மேல் ஒரு வாரத்துக்கான மாத்திரையும் கைப்பையில் எடுத்துப்போக வேண்டும். பச்சையாகவோ அரைவேக்காடாகவோ ஆற்றுமீன் உண்பது அந்த ஊர் வழக்கம். அதில் கல்லீரலைத் தாக்கும் ஒரு புழு உண்டு. நாளடைவில் புற்றுநோய்வரை கொண்டுபோகும். வெந்ததை மட்டும் உண்ணுங்கள்.

கடவுச்சீட்டு, விசா, பணம் பற்றி நீட்டிப் பேச மாட்டேன். கடவுச்சீட்டில் ஆறு மாதம் மீதி இருக்க வேண்டும். இணையவழி விசா எல்லா எல்லைச் சாவடிகளிலும் செல்லாது. எந்த வாயிலில் நுழைகிறோமோ அது பட்டியலில் உள்ளதா என்று அரசின் தளத்திலேயே பாருங்கள். அவசரத்தில் தாய்லாந்துக்குள் போக நேர்ந்தால் அதற்கான நுழைவு விதி என்ன, திரும்பி லாவோஸுக்குள் வர இன்னொரு விசா வேண்டுமா என்பதையும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். சிற்றூர்களில் வங்கி அட்டை உதவாது. கிழியாத, கறைபடாத நோட்டுகள் உதவும்.

இப்போது மறுப்புகளுக்கு வருவோம். "இவ்வளவு கணக்குப் பார்த்தால் பயணத்தில் இன்பம் எங்கே இருக்கும்?" என்று இளைஞர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. திட்டமில்லாமல் ஒரு தெருவில் திரும்பி, பெயர் தெரியாத ஊரில் இறங்கி, முகம் தெரியாதவரோடு சேர்ந்து சோறு உண்பதில் உள்ள மகிழ்ச்சியை நான் மறுக்கவில்லை. ஆனால் எந்தத் தெருவில் திரும்புவது என்பதையா நான் எழுதிவைக்கச் சொன்னேன்? திரும்பிய தெருவில் விழுந்தால் யாரை அழைப்பது என்பதை மட்டுமே சொன்னேன். கிணற்றில் இறங்குகிறவன் இடுப்பில் கட்டிய கயிறு அவன் நீச்சலைத் தடுப்பதில்லை. "எல்லாம் பேக்கேஜ்காரர் பார்த்துக்கொள்வார்" என்பது இரண்டாவது மறுப்பு. தங்குமிடத்தையும் வண்டியையும் அவர் பார்ப்பார். உங்கள் உடம்பில் எந்த மருந்து ஒவ்வாது என்பது அவருக்குத் தெரியுமா? இரவு பதினொரு மணிக்கு நீங்கள் எந்தக் கோப்பையை வாங்கினீர்கள் என்பது தெரியுமா? மூன்றாவது, செலவு. ஊசியும் காப்பீடும் பணம் கேட்கின்றனவே என்பார்கள். உண்மைதான், நடுத்தரக் குடும்பத்துக்கு அது சிறு தொகை அன்று. ஆனால் எல்லை தாண்டி ஒரு நோயாளியைக் கொண்டுபோய்த் தீவிர சிகிச்சையில் சில நாள் வைத்திருக்கும் செலவு, அதே குடும்பத்தின் பல ஆண்டுச் சேமிப்பை விழுங்கிவிடும். காப்பீட்டுக்கு முடியாதென்றால் பயணத்தில் இரண்டு நாளைக் குறையுங்கள். "அப்படியானால் போகாமலே இருந்துவிடலாமே" என்று சொல்கிற பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. வாட் பூவும் லுவாங் பிரபாங்கும் விடியற்காலையில் அன்னம் ஏற்று நடக்கும் துறவிகளும், அந்நியரிடம் மென்மையாகப் பேசுகிற அந்த மக்களும், நம் பிள்ளைகள் பார்க்க வேண்டியவை; பழக வேண்டியவர்கள். போகாதே என்று சொல்வது எளிது. சொன்னால் பிள்ளைகள் சொல்லாமல் போவார்கள். அப்போது உதவியின் தூரம் இன்னும் கூடிவிடும்.

கடைசியாக ஒன்று. இதை நான் மிகுந்த கவலையோடு சொல்கிறேன். உதவியை வேண்டுமென்றே தூரமாக்கி வைக்கிற கூட்டம் ஒன்றும் அங்கே இருக்கிறது. லாவோஸின் வடமேற்கில், பொக்கியோ மாகாணத்தில், தங்க முக்கோணச் சிறப்புப் பொருளாதார மண்டலம் என்று ஒரு பகுதி. கணினி வேலை, வாடிக்கையாளர் சேவை வேலை, கைநிறையச் சம்பளம் என்று சொல்லி இந்திய இளைஞர்களை அங்கே வரவழைக்கிறார்கள். கடவுச்சீட்டைப் பிடுங்கிக்கொண்டு, முகமறியாத மக்களை இணையத்தில் ஏமாற்றும் வேலையில் அடைத்துவைக்கிறார்கள். 2024 ஆகஸ்டில் மட்டும் அங்கிருந்து 47 இந்தியர்களை மீட்டதாக வியந்தியானில் உள்ள நம் தூதரகம் அறிவித்தது. சுற்றுலா விசாவில் வந்து வேலையில் சேரலாம் என்று யார் சொன்னாலும் அது பொய். அந்த விசாவில் வேலை செய்ய அங்கே சட்டம் இடம் தருவதில்லை. தாய்லாந்தில் வேலை என்று சொல்லி, எல்லையோரத்தில் ஆற்றைக் கடக்கச் சொன்னால் கடக்காதீர்கள். வேலை என்று போகிறவர், குடியேறுவோர் பாதுகாப்பு அலுவலகம் சென்னையிலேயே இருக்கிறது, அயலகத் தமிழர் நலத்துறை இருக்கிறது, அங்கே விசாரித்துவிட்டுப் போகட்டும். போதைப்பொருள் கடத்தலுக்கு அந்த நாட்டில் மரண தண்டனை உண்டு. யாருடைய பையையும், யாருடைய பொட்டலத்தையும், உறவினர் அறிமுகப்படுத்திய ஆளாக இருந்தாலும், வாங்கிச் செல்லாதீர்கள்.

பெற்றோர்களே, மழை ஓய்ந்து வானம் தெளிகிற நவம்பரிலிருந்து ஜனவரி வரை லாவோஸ் போக ஏற்ற காலம். பிப்ரவரிக்குப் பின் வடக்கே வயல் எரிக்கும் புகை சூழ்ந்துவிடும். உங்கள் மகனோ மகளோ போகிறேன் என்று வந்து நின்றால் தடுக்காதீர்கள். ஒரு தாளைக் கொடுத்து உட்காரவையுங்கள். தூதரகத்தின் தொலைபேசி எண், காப்பீட்டு எண், இரத்த வகை, ஒவ்வாத மருந்து, ஒவ்வோர் இரவும் தங்கும் ஊர், எத்தனை மணி நேரம் செய்தி வராவிட்டால் நீங்கள் யாரை அழைக்க வேண்டும் என்பது, இவ்வளவையும் அவர்கள் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். ஒரு படியை அவர்கள் பையில் வைத்து, ஒரு படியை நீங்கள் வாங்கிக்கொண்டு, வழியனுப்புங்கள்.